கின்ச்சே என்றால் நிச்சயம்

என் மகளின் மாமியாருக்குச் சொந்த ஊர் அயர்லாந்து. அங்கேயும் ஆங்கிலம்தானே பேசுவார்கள் என்று நினைத்திருந்தவள் நான். சனிக்கிழமைகளில் ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையை இரவல் வாங்கிப் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கணம் படிப்பிக்கிற எனக்கு, தமிழைத் தவிர வேறு மொழிகளுக்கும் ஒழுங்கான இலக்கணம் இருக்கலாம் என்ற எண்ணம் பெரிதாக இருந்ததில்லை. அந்தத் திமிரை முதலில் உடைத்தவர் அவர்தான். அதுவும் என் வீட்டுக் கதிரையில் இருந்து, என் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே உடைத்தார்.

அது ஊரில் போர் முடிந்த வருடம். ஏப்ரல் மாதம் அவர்கள் எங்கள் மோர்னிங்சைட் வீட்டுக்குச் சம்பந்தம் பேச வந்தார்கள். பேச என்ன இருந்தது? பிள்ளைகள் இரண்டு பேரும் யூனிவேர்சிற்றியில் பழகி, எல்லாவற்றையும் தாங்களே முடிவெடுத்துவிட்டு, மரியாதைக்கு எங்களுக்கு ஒரு தேத்தண்ணீர்ச் சந்திப்பை மிச்சம் விட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனுக்கு நுரையீரலில் வருத்தம். சில்லு வைத்த ஒக்சிஜன் சிலிண்டரை நாய்க்குட்டி மாதிரிப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு வந்தார். வைத்தியர்கள் கோடைகாலத்தைத் தாண்டுவார் என்று சொல்லவில்லை. மகனின் மோதிரம் மாற்றலைப் பார்த்துவிடவேண்டும் என்பது அந்த மனிதரின் ஒரே ஆசை.

ஆகவே மே மாத நீண்ட வார இறுதியில், ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டிலேயே என்று முடிவாகியது. மண்டபம் இல்லை, பாட்டு இல்லை. ஊரில் சனம் பதுங்குகுழிக்குள் கிடக்கிற நேரத்தில் மண்டபம் எடுத்து ஆடினால் மனிதர் காறித் துப்புவார்கள். வீட்டில் விளக்கேற்றி, மோதிரம் மாற்றி, ஒரு கேசரி, ஒரு வடை. அந்த நாள் சரியாக இருக்குமா என்று கணவர் ஆங்கிலத்தில் கேட்டார். சம்பந்தியம்மா கோப்பையை வைத்துவிட்டு, உற்சாகமாக, "கின்ச்சே!" என்றார்.

அவருக்குத் தும்மல் வந்துவிட்டது என்று நினைத்து நான் ரிஷூப் பெட்டியை நீட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் மடியில் ஊற்றுப்பட்டது. அது தன் தாய்மொழிச் சொல் என்றார். அயர்லாந்தின் மேற்குக் கரையில் தான் பிறந்த வீட்டில் ஆங்கிலம் பேசியதே இல்லை என்றும், அவசரத்திலும் சந்தோசத்திலும் அந்த மொழிதான் வாயில் வருகிறது என்றும், கணவருக்கும் மகனுக்கும் அதில் ஒரு சொல்லும் தெரியாது என்றும் சொன்னார். கின்ச்சே என்றால் நிச்சயம். சந்தேகமே இல்லை, கட்டாயம் என்று பொருள்.

"இந்தச் சடங்கின் பெயரே எங்களிடம் அதுதான்" என்றேன் நான். "நிச்சயதார்த்தம். சுருக்கமாக, நிச்சயம்." உள்ளபடி சொன்னால் எங்கள் ஆட்கள் முன்பு, பதிவுக்குக் கையெழுத்து வைக்கிற நாள் என்பதால், அதை எழுத்து என்றுதான் சொல்வார்கள், நிச்சயதார்த்தமும் மோதிரமும் கனடாவுக்கு வந்த பிறகு பிடித்துக்கொண்டவை. அதையெல்லாம் அவருக்கு விளக்கப்போனால் மோர்னிங்சைட்டில் விடிந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் என் தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் பிறந்த வீட்டில் நாங்கள் மூன்று பிள்ளைகள். நான் கனடாவில், தங்கை லண்டனில், நடுவில் பிறந்த தம்பி போர் நடக்கிற வன்னியில். கல்யாணம் கட்டாமலே நாற்பதைத் தாண்டியவன். சனத்தோடு சனமாக ஒவ்வோர் ஊராக இடம்பெயர்ந்து, கடைசியில் கடற்கரைப் பக்கம் ஒதுங்கிவிட்டான். ஜனவரியில் யாரோ ஒருவரின் சற்றலைற் போனில் எடுத்துப் பேசினான்.

"அக்கா, உன்ரை மகளுக்கு ஆரோ வெள்ளைக்காரப் பெடியனாமே?"

"உனக்கு ஆர் சொன்னது?"

"ஷெல்லுக்குள்ளயும் உந்தக் கதை வந்து சேருது. நல்ல காரியம் எண்டால் எனக்குச் சொல்லாமச் செய்துபோடாதை. மாமன் நானெல்லோ."

அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. தங்கை ஒவ்வொரு நாளும் லண்டனிலிருந்து எடுப்பாள். நான் வேலையால் வந்து குசினிக்குள் கால் வைக்கிற நேரத்துக்கு மணி அடிக்கும். ஏதும் தெரிந்ததா என்று அவள் கேட்பாள், நானும் அதையே கேட்பேன். ஒன்றும் இல்லை என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டு வைத்துவிடுவோம். மீதி நேரமெல்லாம் நான் கணினிக்கு முன்னால்தான். போருக்குள்ளிருந்து வெளியே வந்த சனத்தின் படங்களை ஒவ்வொரு முகமாகப் பெருப்பித்துப் பார்ப்பேன். அந்தச் சனத்தை அடைத்து வைத்திருந்த வவுனியா முகாம்களில் ஆளைத் தெரிந்தவர் யார் யார் என்று விசாரித்து நம்பர் எடுத்து, தெரியாதவர்களுக்கெல்லாம் போன் அடித்துக் கரைச்சல் கொடுப்பேன்.

நாள் வைத்த பிறகுதான் பிரச்சினை கிளம்பியது. கணவரின் ஒன்றுவிட்ட அண்ணர் ஒருவர், எந்த வீட்டிலும் எந்தக் காரியத்திலும் முன்னுக்கு நின்று பிழை பிடிக்கிறவர், வீடு தேடி வந்து கேட்டார். "தாய்மாமன்ரை கதை என்ன மாதிரி? ஒண்டு கிடக்க ஒண்டு நடந்திருந்தால் துடக்கெல்லோ. அந்தியேட்டி முடியும்வரைக்கும் நல்லகாரியம் செய்யேலாது."

துடக்கு என்பது சாவு வீட்டின் தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை விளக்கு வைத்து ஒரு மங்கல காரியமும் செய்யமாட்டோம்; அந்த வீட்டில் மற்றவர்கள் வாய் நனைக்கவும்மாட்டார்கள். முப்பத்தொரு நாள் என்பது எங்களுக்குப் பெரிய காலம் இல்லை. மாப்பிள்ளையின் தகப்பனுக்கு அது மிகப் பெரிய காலம். கணவர் கோயில் ஐயருக்குப் போன் எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னதும் நான்தான்.

ஐயர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "செய்தி வடிவாத் தெரியுமோ?"

"இல்லை ஐயா. ஒண்டும் வடிவாத் தெரியாது."

"அப்ப யோசிக்கவேண்டாம். தெரியாத சாவுக்குத் துடக்கில்லை. தாராளமாச் செய்யுங்கோ."

வடிவு என்றால் எங்கள் பேச்சில் அழகு. வடிவாத் தெரியும் என்றால் ஐயத்துக்கு இடமில்லாமல் தெரியும். அந்தச் சொல்லை எத்தனையோ வருடமாகப் பேசியும் கேட்டும் வருகிறேன். அன்றைக்குத்தான் அது காதுக்குள் முள்ளாகக் குத்தியது. தம்பி இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் இருப்பது எங்களுக்கு வசதியாகப் போய்விட்டது. ஐயர் போனை வைத்ததும் எனக்கு நெஞ்சுக்குள் ஒரு ஆறுதல் வந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பு வரும்.

அந்தக் கிழமையிலிருந்து நான் வவுனியாவுக்குப் போன் எடுப்பதை நிறுத்திவிட்டேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. வேலை கூட, வீடு துப்புரவாக்கவேண்டும், சாமான் வாங்கவேண்டும் என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். கணினியை மகளின் அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். தங்கை எடுத்துக் கேட்டால் ஒன்றும் தெரியாது என்று சொல்ல மட்டும் தவறவில்லை. அது பொய்யும் இல்லை.

ஆனால் போரை நிறுத்தச் சொல்லிக் கேட்கிற பேரணிக்குப் போனேன். அங்கே போகாவிட்டால் என் முகத்தை நானே பார்க்கமுடியாது. யூனிவேர்சிற்றி அவெனியூவில் நாள்முழுக்கச் சனம் நின்றது. மகளும் மாப்பிள்ளையும் வகுப்பை வெட்டிவிட்டு அங்கேதான். ஒருநாள் நானும் வருகிறேன் என்று சம்பந்தியம்மா நின்றுகொண்டார். கெனடி ஸ்ரேசனில் ஏறி இரண்டு பேரும் அருகருகே இருந்தோம். வேலைக்குப் போகிற சனத்துக்கு நடுவில், மடியில் பதாகையைச் சுருட்டி வைத்துக்கொண்டு, நான் அவரிடம் இலக்கணம் கேட்டேன். பயத்தை அடக்க எனக்குத் தெரிந்த ஒரே மருந்து இலக்கணம்தான்.

நான் நிச்சயமாக இருக்கிறேன் என்பதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். "தா மே கின்ச்சே" என்றார். தா என்பது இருக்கிறது என்ற வினை. மே என்பது நான். வினைதான் முதலில் வருமாம்.

"நாங்கள் வினையைக் கடைசி வரைக்கும் ஒளித்து வைத்திருப்போம். நீங்கள் வாயைத் திறந்தவுடனேயே 'தா' என்று கேட்கிறீர்களே" என்றேன். தமிழில் தா என்றால் என்ன என்று விளக்கியதும் அவருக்கும் சிரிப்பு வந்தது.

அந்த மொழியில் பசியும் துக்கமும் வெட்கமும் ஆள்மேல் வந்து உட்காருமாம். துக்கம் என்மேல் இருக்கிறது என்றுதான் சொல்வார்களாம். அது எங்களுக்கும் புதிதில்லை; எனக்குப் பசிக்கிறது, எனக்குத் துக்கம் என்று நாங்களும் 'நான்' என்பதைக் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் பேசுகிறோம். கின்ச்சே அப்படி மேலே வந்து உட்காராது. நான் என்கிற ஆளோடு நேரே ஒட்டிக்கொள்ளும். அது பிறந்த வழியையும் சொன்னார். தீர்மானி, முடிவாக்கு என்ற வினையிலிருந்து வந்த எச்சம் அது. யாரோ முடிவாக்கி வைத்தது என்பதுதான் அடிப் பொருள். நிச்சயிக்கப்பட்ட என்று நாங்கள் சொல்வதற்கும் அதற்கும் ஒரு மயிரிழைகூட வித்தியாசம் இல்லை. வகுப்பில் என் மாணவர்களுக்குப் பெயரெச்சம் படிப்பித்த நாட்களில் இப்படி ஓர் உதாரணம் கிடைத்திருக்கக்கூடாதா என்று ஆசைப்பட்டேன்.

"இன்னொன்றும் இருக்கிறது" என்றார் அவர். இருத்தலுக்கு அவர்களிடம் இரண்டு வினை. தா என்று தொடங்கினால் அது என் நிலைமை. இன்றைக்கு நான் நிச்சயமாக இருக்கிறேன், நாளைக்கு மாறலாம், நான் பிழையாகவும் இருக்கலாம். இஸ் என்று தொடங்கி, இஸ் கின்ச்சே என்றால் அதில் ஆளே இல்லை. யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் அது அப்படித்தான் என்று பொருள். "என் கணவரின் விசயம் இஸ் கின்ச்சே" என்றார் யன்னலைப் பார்த்தபடி. வெளியே சுரங்கத்தின் இருட்டைத் தவிர ஒன்றும் இல்லை. பிறகு, "உங்கள் தம்பியின் விசயம்?" என்று கேட்டார்.

எங்களிடம் வடிவாத் தெரியும் என்று ஒரு சொல் இருக்கிறது என்றும், அழகாகத் தெரியும் என்பது அதன் நேர்ப்பொருள் என்றும் சொல்லிக் கதையை மாற்றினேன். அவருக்கு அது நன்றாகப் பிடித்துப்போய்விட்டது. நிச்சயமாகத் தெரிவதில் அப்படி என்ன அழகு என்று கேட்டார்.

பேச்சு நிற்கக்கூடாதே என்று, குற்றம் செய்த ஆளை என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டேன். ஏன் அந்தச் சொல்லைக் கேட்டேன் என்று அவர் கேட்கவில்லை. "கியுன்தாக்" என்றார். அதுவும் ஆளோடு நேரே ஒட்டுகிற உரிச்சொல். தா மே கியுன்தாக் என்றால் நான் குற்றவாளி. எழுதினால் இரண்டு சொல்லும் அகராதியில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர் என்றார். கின்ச்சே எப்போதும் உருவம் மாறாது. நிச்சயமான மனிதர் ஒருவரானாலும் நூறு பேரானாலும் அதே சொல்தான். குற்றவாளிகள் பலரானால் மட்டும் அந்தச் சொல் ஒரு வால் முளைத்து நீளுமாம். குற்றம் என்றால் 'இல்' என்று ஓர் உருபும் வேண்டுமாம், எதில் குற்றம் என்று சொல்லியாகவேண்டுமாம். சென் ஜோர்ஜில் இறங்கி மாறுகிறவரைக்கும் இரண்டையும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தேன். என் நாக்குக்கு இரண்டும் ஒரே கஷ்டம்தான்.

அன்றைக்கு நாங்கள் ஒரு திட்டமும் போட்டோம். மோதிரம் மாற்றிய பிறகு அவர் எழும்பி, எல்லாருக்கும் முன்னால் தன் மொழியில் என்னிடம் கேட்பார்: "அன் வில் தூ கின்ச்சே?" நீ நிச்சயமாக இருக்கிறாயா? நான் "தா மே கின்ச்சே" என்று சொல்லவேண்டும். பிள்ளைகளின் வாயைப் பிளக்கவைக்கலாம். அந்த மொழியில் ஓம் என்றோ இல்லை என்றோ தனியாக ஒரு சொல் கிடையாதாம். இருக்கிறேன் என்று முழுதாகச் சொன்னால்தான் பதில். நான் சமைக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் அதைச் சொல்லிப் பழகினேன். "அம்மா, வட் ஆர் யூ மம்பிளிங்?" என்று மகள் கேட்டாள். மாமியாரோடு சேர்ந்து சதி செய்கிறேன் என்றேன்.

சனிக்கிழமை வந்தது. ஊரில் எல்லாம் முடியப்போகிறது என்று ரேடியோவில் ஆளாளுக்கு அழுதுகொண்டிருந்தார்கள். நான் ரேடியோவை நிறுத்திவிட்டு உளுந்து அரைத்தேன். பின்னேரம் ஆகியது. குசினிக்குள் எத்தனையோ தடவை வந்து போனேன். தங்கையின் போன் அடிக்கவில்லை.

அந்த மாதங்களில் அவள் ஒருநாளும் தவறவிட்டதில்லை. காய்ச்சலில் படுத்திருந்த நாளில்கூட எடுத்து, இருமிக்கொண்டு, ஒன்றும் தெரியாது என்று சொன்னவள். நான் திரும்ப எடுத்திருக்கலாம். நம்பர் கைவிரலில் கிடந்தது. கையில் மாவு என்று நினைத்துக்கொண்டேன். கை கழுவத் தண்ணீர் முன்னால்தான் இருந்தது.

பின்வளவில் கணவர் கைப்போனோடு நின்றார். யன்னலால் பார்த்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை, கேட்டுக்கொண்டுதான் நின்றார். பிறகு போனைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, புல்லில் ஒன்றுமே இல்லாத இடத்தில் குனிந்து எதையோ பொறுக்குகிற மாதிரி நின்றார். உள்ளே வந்தவர் நேரே குசினிக்கு வந்து, "உளுந்து காணுமோ? இன்னும் வாங்கவேணுமோ?" என்று கேட்டார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அந்த மனிதர் உளுந்தைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

"காணும்" என்றேன்.

மகள் படியில் நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். அவளுடைய கண் சிவந்திருந்தது. வெங்காயம் உரித்தது நான்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. என்ன விசயம் என்று கேட்க ஒரு மூச்சுப் போதும். அந்த மூச்சை நான் விடவில்லை. கேட்டால் விளக்கேற்றமுடியாது, அந்த நோயாளி மனிதரின் ஆசை நிறைவேறாது, என் பிள்ளை அழுதுகொண்டு மோதிரத்தைப் பெட்டிக்குள் வைக்கவேண்டும். இதெல்லாம் உண்மையான காரணங்கள். ஆனால் அந்த நேரத்தில் எனக்குள் இருந்தது அதைவிடச் சின்ன ஒன்று. இன்னும் ஒரு நாளைக்கு எனக்கு ஒரு தம்பி இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைந்தது. மாப்பிள்ளை வீட்டார் தட்டங்களோடு வந்தார்கள். ஒரு தட்டத்தில் சேலை, ஒன்றில் பழம், இன்னொன்றில் சம்பந்தியம்மா தன் கையால் சுட்ட, கல்லு மாதிரிக் கனத்த ஒரு பாண். தகப்பன் சாய்மனைக் கதிரையில் இருந்தார்; சிலிண்டர் பக்கத்தில். அவருடைய கண் மட்டும் அறையெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. நான் பட்டுச்சேலை கட்டி, பூவும் வைத்திருந்தேன். கண்ணாடியில் பார்த்தபோது வடிவாகத்தான் இருந்தது.

துடக்கு என்று எச்சரிக்க வந்த அதே ஒன்றுவிட்ட அண்ணர் மூலையில் இருந்தார். வடைத்தட்டை நீட்டினேன். "பேந்து சாப்பிடுறன் பிள்ளை" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். எங்கள் வடைக்கு அவர் வீட்டிலிருந்தே பசியோடு வருகிறவர். அவருடைய மனைவியும் வேண்டாம் என்றார். எங்கள் பக்கத்துச் சனம் ஒன்றும் வாயில் வைக்கவில்லை. தேத்தண்ணீர்க் கோப்பைகள் ஆடை படர்ந்து அப்படியே இருந்தன. வெள்ளைக்காரர்கள் மட்டும் கேசரியைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். வீட்டில் இருந்த எல்லாருக்கும் தெரியும் என்பது எனக்கு விளங்கியது. எனக்குத் தெரியாது என்று அவர்கள் நம்புவதும் விளங்கியது. நான் இன்னும் கொஞ்சம் உரத்துச் சிரித்தேன். சிரித்தது என் வாய்தானா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

விளக்கேற்றினோம். பிள்ளைகள் மோதிரம் மாற்றினார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் கைதட்ட முயன்று மூச்சு வாங்கினார். அப்போது சம்பந்தியம்மா எழும்பி நின்றார். அவர் என்னைப் பார்த்து, எங்கள் திட்டப்படி, தெளிவாகக் கேட்டார்.

"அன் வில் தூ கின்ச்சே?"

பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். நான் வாயைத் திறந்தேன். நாட்கணக்காகப் பழகிய சொல். பாத்திரக் கழுவலில் ஊறிய சொல்.

"தா மே கியுன்தாக்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. நான் குற்றவாளி என்று, பட்டுச்சேலையோடு, குத்துவிளக்குக்கு முன்னால், எல்லாரும் கேட்கச் சொல்லியிருக்கிறேன். வாய் தவறியதா, இல்லை வேண்டுமென்றே வந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த அறையில் அதை விளங்கிக்கொள்ளக்கூடியவர் ஒரே ஓர் ஆள். அவருடைய முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. கண் மட்டும் மாறியது. கணவரைப் பார்த்தார், மூலையில் சாப்பிடாமல் இருந்த சனத்தைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார்.

"என்ன சொல்லுறா?" என்று மகள் கேட்டாள்.

அவர் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். "ஷீ ஸெஸ் ஷீ இஸ் ஷுவர்."

எல்லாரும் கைதட்டினார்கள். எனக்காக ஒரு பொய்யைத் தயங்காமல் சொன்ன அந்தக் கை என் மணிக்கட்டை விடவே இல்லை.

பிறகு குசினிக்குள் வந்தார். நான் கழுவத் தேவையில்லாத ஒரு சட்டியைக் கழுவிக்கொண்டு நின்றேன். அவர் துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். குரலைத் தாழ்த்தி, "எதில்?" என்று ஒரே ஒரு சொல் கேட்டார்.

"என் தங்கை நேற்றுப் போன் எடுக்கவில்லை" என்றேன்.

அவர் ஈரச்சட்டியைத் துடைத்து முடித்து, அடுத்ததற்குக் கையை நீட்டினார். இரண்டு பேருமாகக் குசினியில் இருந்த பாத்திரம் எல்லாவற்றையும் முடித்தோம்.

பின்னேரம் சனம் கலைந்தது. தகப்பனைக் கொண்டுபோய் விட மகளும் அவர்களோடு போய்விட்டாள். பக்கத்துப் பூங்காவில் நீண்ட வார இறுதிக்குப் பிள்ளைகள் வெடி கொளுத்தினார்கள். கணவர் எழும்பி யன்னலைச் சாத்தினார். பிறகு இரவல் கதிரைகளை ஒவ்வொன்றாக மடித்தார். கடைசிக் கதிரையில் கையை வைத்தபடி நின்றார்.

"இஞ்சரும்" என்றார். "கொஞ்சம் இரும். உமக்கொரு விசயம் சொல்லவேணும்."

நான் இருக்கவில்லை. "பொறுங்கோ, முழுகிப்போட்டு வாறன்" என்றேன்.

சாவுச் செய்தி கேட்டவர்கள் உடனே தலைமுழுகுவது எங்கள் வழக்கம். செய்தியைக் கேட்ட பிறகுதான் முழுகுவார்கள். கதிரை பாதி மடிந்தபடி அவருடைய கையில் நின்றது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை; யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"உமக்கு எப்ப தெரியும்?"

"நேற்று. நீங்கள் உள்ளுக்கு வந்த நேரம்."

"அப்ப ஏனப்பா என்னட்டக் கேக்கேல்லை?"

"கேட்டால் நீங்கள் சொல்லியிருப்பியள்" என்றேன்.

அவர் கதிரையை மடித்துச் சுவரோடு சாத்திவிட்டு, அதிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். நான் தலையிலிருந்த பூவைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மேலே போனேன்.